ஒட்டியதும் எண் மாறுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

விரிதாளில் நகலெடுத்து ஒட்டும்போது எழும் சிக்கல்களைப் பற்றி எண்ணூர் முதல் பாரிமுனை வரை வடசென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெரும்பாலோர் பயன்படுத்துவது எக்செல் என்பதால் அதன் வழிமுறைகளையே முதன்மையாகச் சொல்கிறேன். விடைகளைப் படிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செல்லில், அதாவது விரிதாளின் ஒரு கட்டத்தில், நம் கண்ணுக்குத் தெரிவதும் அதற்குள் சேமிக்கப்பட்டிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் ஒட்டும்போது மதிப்பு, சூத்திரம், வடிவமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே வருகின்றன, அவற்றில் எது நமக்கு வேண்டும் என்பதை நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் தானே முடிவு செய்துகொள்கிறது.

திருவொற்றியூரிலிருந்து, மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதும் வாசகி: உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்களை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து எக்செல்லில் ஒட்டினேன். பதினாறு இலக்க எண்கள் எல்லாம் புள்ளியும் கூட்டல் குறியுமாகச் சுருங்கித் தெரிந்தன. வடிவமைப்பை மாற்றி முழு எண்ணாக்கிப் பார்த்தால், எல்லா எண்களின் கடைசி இலக்கமும் பூச்சியமாக இருக்கிறது. பழைய எண்ணை எப்படி மீட்பது?

வருத்தத்துடன் சொல்கிறேன்: அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றி வைக்கும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் அது பூச்சியமாகிவிடும், பதினேழு இலக்க எண் என்றால் கடைசி இரண்டும் போகும். கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் கால்க் ஆகியவற்றிலும் நீண்ட எண்களுக்கு இதுபோன்ற வரம்பு உண்டு, ஏனென்றால் எண்களைக் கணினியில் எழுதிவைக்க இவை யாவும் பின்பற்றும் முறை ஒன்றுதான். எனவே வாட்ஸ்அப் செய்திகளையே மறுபடி திறந்து, அங்கிருந்து புதிதாக எடுத்து ஒட்டுவதுதான் ஒரே வழி. அந்தப் பட்டியலை வங்கிக்கு அனுப்பியிருந்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

மறுபடி ஒட்டும்போது வரிசைமுறை முக்கியம். முதலில் காலியாக இருக்கும் நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். பிறகு வலது கிளிக் செய்து, ‘மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்’ என்ற தேர்வின் மூலம் ஒட்டுங்கள். முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை, இலக்கம் அதற்கு முன்பே அழிந்திருக்கும். ஒன்றிரண்டு எண்களைத் தட்டச்சு செய்வதாக இருந்தால், எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறியை இட்டால் போதும். 2023-இல் வந்த மேம்பாட்டுக்குப் பிறகு, மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் ‘ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்’ என்ற பகுதியில் இந்தச் சுருக்கும் வேலையையும், முன்னால் உள்ள பூச்சியங்களை நீக்கும் வேலையையும் நிறுத்தி வைக்கலாம். கணக்கு எண்களோடு நாள்தோறும் புழங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு பொறி இருக்கிறது, அதைப் பலரும் அறிவதில்லை. எண்களை டெக்ஸ்ட்டாகவே பாதுகாப்பாக ஒட்டிய பின்பும், ஒரே கணக்கு எண் இருமுறை வந்திருக்கிறதா என்று ‘கவுன்ட்இஃப்’ சூத்திரத்தால் சோதித்தால், அந்தச் சூத்திரம் டெக்ஸ்ட்டை எண்ணாக எண்ணிக்கொண்டு முதல் 15 இலக்கங்களை மட்டுமே ஒப்பிடும். ஒரே கிளையில் அடுத்தடுத்துக் கணக்கு தொடங்கிய இரண்டு உறுப்பினர்களின் எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபடக்கூடும். அவை இரண்டும் ஒன்றே என்று அது சொல்லிவிடும். அதை நம்பி ஒருவரின் பெயரை நீக்கிவிடாதீர்கள். சூத்திரத்தில் தேடும் எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி ஒன்றைச் சேர்த்தால் அது எழுத்தாகவே ஒப்பிடும்.

ஆதார் எண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 12 இலக்கம்தான் என்பதால், சுருங்கித் தெரிந்தாலும் உள்ளே முழுமையாக இருக்கும்.

ராயபுரத்திலிருந்து, காசிமேட்டு மீன் நிறுவனம் ஒன்றின் கணக்காளர்: ஜிஎஸ்டி பட்டியலுக்காக, சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடுகளை ஒட்டினால் 0302 என்பது 302 ஆகவும், 0306 என்பது 306 ஆகவும் மாறிவிடுகின்றன.

காரணம் மேலே சொன்னதுதான்: எக்செல் இவற்றை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கிவிடுகிறது. மீனும் இறாலும் குறியீட்டு அட்டவணையின் மூன்றாம் அத்தியாயத்தில் வருவதால், குளிரூட்டிய மீன் 0302, உறைய வைத்த மீன் 0303, இறாலும் நண்டும் 0306, கணவாய் 0307 என்று உங்கள் சரக்கு எல்லாமே பூச்சியத்தில்தான் தொடங்கும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அன்று, அது எழுத்து. அந்த நெடுவரிசையையும் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு ஒட்டுங்கள். ஏற்கெனவே போன பூச்சியத்தை, கஸ்டம் வடிவத்தில் நான்கு பூச்சியங்களை இட்டுத் திரையில் மறுபடி தோன்றச் செய்யலாம். ஆனால் அந்தக் கோப்பை சிஎஸ்வி ஆக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, பிறகு இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லிலேயே திறந்தால் பூச்சியம் மறுபடியும் போய்விடும். சிஎஸ்வி கோப்பை டேட்டா பட்டியில் உள்ள ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் திறந்து, அந்த நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் என்று குறித்துக் கொடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து, பள்ளி ஆசிரியை: எட்டாம் வகுப்பின் மூன்று பிரிவு மாணவர்களும் ஒரே தாளில் இருக்கிறார்கள். ‘பி’ பிரிவை மட்டும் ஃபில்டர் செய்து, அவர்களுடைய மதிப்பெண்களை வேறொரு தாளிலிருந்து எடுத்து மொத்தமாக ஒட்டினேன். ஃபில்டரை நீக்கியதும் பார்த்தால், மதிப்பெண்கள் மற்ற பிரிவு மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எந்த எச்சரிக்கையும் வரவில்லையே?

வந்திருக்கும் கடிதங்களில் இதைத்தான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். எண் சுருங்கினால் கண்ணில் படும், பிழைச் செய்தி வந்தால் நாம் நின்று பார்ப்போம். இங்கே எதுவும் படாது. தாள் ஒழுங்காகவே தோன்றும், ஆனால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் இன்னொரு பிள்ளையின் பெயருக்கு நேரே இருக்கும்.

ஃபில்டர் என்பது வரிசைகளை மறைக்கிறதே தவிர அகற்றுவதில்லை. உங்கள் தாளில் ‘பி’ பிரிவு மாணவர்கள் 4, 9, 13 ஆகிய வரிசைகளில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறிடத்திலிருந்து மூன்று மதிப்பெண்களை நகலெடுத்து நான்காம் வரிசையில் ஒட்டினால், அவை 4, 5, 6 ஆகிய வரிசைகளுக்குப் போகும். ஐந்தும் ஆறும் மறைந்திருப்பதால், அங்கே ஏற்கெனவே இருந்த மதிப்பெண்கள் அழிந்தது உங்களுக்குத் தெரியாது. திரையில் நான்காம் வரிசைக்கு அடுத்த இடங்கள் காலியாகத் தெரிவது மட்டுமே அப்போது கிடைக்கக்கூடிய ஒரே குறிப்பு. நகலெடுக்கும்போது ஃபில்டர் செய்த தாளிலிருந்து தெரியும் வரிசைகள் மட்டுமே வருகின்றன என்பதால், ஒட்டும்போதும் அப்படித்தான் நடக்கும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கைதான் தவறாகிவிடுகிறது.

உடனே கவனித்திருந்தால் கன்ட்ரோல் + இசட் போதும். கோப்பை மூடிய பிறகு என்றால், அது ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவில் இருக்கும்பட்சத்தில் பழைய பதிப்பை ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ மூலம் திரும்பப் பெறலாம். அதுவும் இல்லையென்றால் மூன்று பிரிவுகளின் மதிப்பெண்களையும் விடைத்தாளோடு வைத்துச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘பி’ பிரிவை மட்டும் திருத்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் சேதம் மற்ற இரண்டு பிரிவுகளில்தான் நடந்திருக்கிறது.

இனி இப்படிச் செய்யுங்கள். தாளின் ஓரத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் நெடுவரிசை ஒன்றை முதலில் உருவாக்குங்கள். பிறகு ஃபில்டருக்குப் பதிலாக, பிரிவின்படி தாளை வரிசைப்படுத்துங்கள். ‘பி’ பிரிவு மாணவர்கள் அனைவரும் இடைவெளியின்றி ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடுவார்கள். அங்கே ஒட்டுவதில் ஆபத்து குறைவு. வேலை முடிந்ததும் வரிசை எண்ணின்படி மறுபடி அடுக்கினால் பழைய ஒழுங்கு திரும்பிவிடும். இதைவிட உறுதியான வழி, ஒட்டுவதையே விட்டுவிட்டு, மாணவரின் சேர்க்கை எண்ணைக் கொண்டு ‘வீலுக்கப்’ அல்லது ‘எக்ஸ்லுக்கப்’ சூத்திரத்தால் மதிப்பெண்ணைத் தேடி எடுக்கச் செய்வது. இரண்டு தாள்களிலும் மாணவர்கள் வெவ்வேறு வரிசையில் இருந்தாலும் அது தவறாது. பெயரைக் கொண்டு தேட வேண்டாம். ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய பிள்ளைகள் இருவர் இருப்பது நம் பள்ளிகளில் அரிதன்று.

ஃபில்டர் செய்த எல்லா வரிசைகளுக்கும் ஒரே சொல்லை, எடுத்துக்காட்டாக ‘வருகை’ என்பதை இட வேண்டுமானால், அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் செல்கள் மட்டும் தேர்வாகும். பிறகு சொல்லைத் தட்டச்சு செய்து கன்ட்ரோல் + என்டர் அழுத்த வேண்டும். ஃபில்டர் இல்லாமல் நீங்களே வலது கிளிக் செய்து மறைத்த வரிசைகள் நகலெடுக்கும்போது கூடவே வந்துவிடும் என்பதையும், அங்கேயும் இதே விசைகள் உதவும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இப்படி வரிசை மாறிப் பொருந்துவது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால், 2003-இல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா மின் நிறுவனத்துக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். ஏல விலைகளைத் தயாரித்த எக்செல் தாளில் வெட்டி ஒட்டியபோது ஏற்பட்ட ஒரு பிழையால், அந்த நிறுவனம் 2.4 கோடி அமெரிக்க டாலரை இழந்தது.

மண்ணடியிலிருந்து, இரும்புக் குழாய்க் கடைக்காரர்: வங்கியின் இணையதளத்திலிருந்து கணக்கு விவரத்தை ஒட்டினேன். எண்கள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன. கூட்டினால் மட்டும் பூச்சியம் வருகிறது.

அவை எண்களைப் போலத் தோன்றும் எழுத்துகள். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். அல்லது அவற்றைத் தேர்ந்தெடுத்துத் திரையின் அடிப்பட்டையைக் கவனியுங்கள், எண்ணிக்கை மட்டும் காட்டிக் கூட்டுத்தொகை காட்டாவிட்டால் ஐயமே வேண்டாம். இணையப் பக்கங்களில் எண்ணுக்குப் பின்னால் பிரியா இடைவெளி என்ற ஒரு வகை வெற்றிடம் இருக்கும். பார்வைக்கு அது வழக்கமான இடைவெளிதான், ஆனால் அதன் குறியெண் 160. வழக்கமான இடைவெளியின் குறியெண் 32. அதனால்தான் ‘ட்ரிம்’ சூத்திரத்தால் அதை நீக்க முடிவதில்லை.

ஒரு செல்லுக்குள் சென்று, எண்ணுக்குப் பின்னாலுள்ள அந்த வெற்றிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். கன்ட்ரோல் + எச் அழுத்தி, தேடும் பெட்டியில் அதை ஒட்டி, மாற்றுப் பெட்டியைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் பின்னும் சில செல்கள் எழுத்தாகவே நின்றால், காலிச் செல் ஒன்றில் 1 என்று எழுதி அதை நகலெடுத்து, அந்த எண்களின்மேல் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ வழியாக ‘மல்டிப்ளை’ என்று கொடுத்தால் அவை எண்ணாகிவிடும். தொகைக்குப் பின்னால் வரவு, பற்று என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இருந்தால், அவற்றைக் கண்மூடித்தனமாக நீக்காதீர்கள். நீக்கினால் வரவும் பற்றும் ஒரே குறியுடன் கூடிவிடும். முதலில் அந்த எழுத்துகளைத் தனி நெடுவரிசைக்குப் பிரித்துவிட்டு, பிறகு எண்ணைச் சுத்தம் செய்யுங்கள். முடிந்ததும் உங்கள் கூட்டுத்தொகையை வங்கி அச்சிட்ட கூட்டுத்தொகையோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

ராஜாஜி சாலையிலிருந்து, சுங்க முகவர் அலுவலக ஊழியர்: அமெரிக்க முகவர் அனுப்பும் கப்பல் வருகைப் பட்டியலை ஒட்டினால், சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நிற்கின்றன. இடப்பக்கம் நிற்பவற்றைக் கையால் திருத்தினால் போதுமா?

போதாது; வலப்பக்கம் நிற்பவைதான் தவறானவை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். உங்கள் கணினி இந்திய முறையில் நாளை முதலில் எதிர்பார்க்கிறது. 03/25/2025 என்பதை அது தேதியாக ஏற்க முடியாமல், 25-ஆம் மாதம் இல்லை என்பதால், எழுத்தாக விட்டுவிடுகிறது. 03/04/2025 என்பதையோ தயக்கமின்றி ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்கிறது. அனுப்பியவர் குறித்தது மார்ச் 4. கன்டெய்னருக்குக் கொடுக்கும் இலவச நாள்களையும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணத்தையும் இந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவீர்கள் என்பதால், பிழை நேராகப் பணத்தில் போய் முடியும்.

ஏற்கெனவே ஒட்டியதை அழித்துவிட்டு மின்னஞ்சலிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கி, ‘மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்’ முறையில் ஒட்டுங்கள். பின்னர் டேட்டா பட்டியில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்பதைத் திறந்து, மூன்றாம் படியில் ‘டேட்’ என்பதைத் தேர்ந்து, மூலத்தின் வரிசையாக மாதம், நாள், ஆண்டு என்ற தேர்வைக் கொடுங்கள். எல்லாத் தேதிகளும் சரியாக வலப்பக்கம் வந்துவிடும். வெளிநாட்டு முகவரிடம், மாதத்தை எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

தேதியாக மாற்றும் இந்த அவசரம் அறிவியலாளர்களையும் விடவில்லை. மார்ச்1, செப்ட்1 போன்ற பெயருடைய மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டது. ஒட்டிய தேதிகள் அனைத்தும் சரியாக 4 ஆண்டும் ஒரு நாளும் விலகி நின்றால், அது வேறு சிக்கல்: அந்தக் கோப்பு, பழைய மேக் கணினிகளின் வழக்கப்படி நாள்களை 1904-இலிருந்து எண்ணுகிறது. எல்லாத் தேதிகளிலும் 1462 நாள்களைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

பெரம்பூரிலிருந்து, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கப் பொருளாளர்: தண்ணீர்க் கட்டணச் சூத்திரத்தை முதல் வீட்டுக்கு எழுதிக் கீழே ஒட்டினேன். மற்ற வீடுகளுக்குப் பூச்சியம் வருகிறது.

விகிதம் எழுதியிருக்கும் செல்லின் முகவரி, சூத்திரத்தோடு சேர்ந்து கீழே நகர்ந்துவிட்டது. முதல் வீட்டின் சூத்திரத்துக்குள் சென்று, அந்த முகவரியின்மேல் எஃப்4 விசையை அழுத்தினால் டாலர் குறிகள் வந்து அதை ஓரிடத்தில் நிறுத்திவிடும், பிறகு ஒட்டுங்கள். இதே கேள்வியை வேறு வாசகர் ஒருவர், ‘எல்லா வீட்டுக்கும் முதல் வீட்டின் தொகையே வருகிறது’ என்று கேட்டிருக்கிறார். அங்கே சூத்திரத்தில் குறையில்லை, கணக்கிடும் முறை ‘மேனுவல்’ என்று மாறியிருக்கிறது. ஃபார்முலாஸ் பட்டியில் ‘கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்’ சென்று ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் சரியாகும். அன்று முதலில் திறந்த கோப்பு எந்த முறையில் சேமிக்கப்பட்டதோ அந்த முறையே அடுத்துத் திறக்கும் கோப்புகளுக்கும் தொற்றும் என்பதால், பிறர் அனுப்பிய கோப்பைத் திறந்த நாளில் இது நேரும்.

வியாசர்பாடியிலிருந்து, டிடிபி நிலையம் நடத்துபவர்: பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்ப் பட்டியலை எக்செல்லில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறுகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே ரோமன் எழுத்துகள்தாம். அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. ஒட்டும்போது எழுத்துரு விடுபட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. அந்த நெடுவரிசைக்கு மறுபடி பாமினியைக் கொடுத்தால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும், ஆனால் வாடிக்கையாளரின் கைப்பேசியில் தெரியாது. அகர வரிசையில் அடுக்கினாலும் ரோமன் வரிசையில்தான் அடுக்கும். எழுத்துரு மாற்றி ஒன்றால், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுவதே நிலையான தீர்வு. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றுவிட்ட பின்பு, புதிய வேலைகளையாவது யூனிகோடில் தொடங்குமாறு உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மாற்றிய பிறகு பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும் குறை சில மாற்றிகளில் உண்டு.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து, ஜவுளிக்கடை ஊழியர்: ஒட்டும்போதெல்லாம் இணைந்த செல்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று செய்தி வருகிறது.

தலைப்புக்காக யாரோ செல்களை ‘மெர்ஜ்’ செய்திருக்கிறார்கள். தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து மெர்ஜை நீக்குங்கள். தலைப்பு நடுவில் நிற்க வேண்டுமானால், ஃபார்மேட் செல்ஸ், அலைன்மென்ட் பகுதியில் ‘சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்’ இருக்கிறது. பார்வைக்கு அதே தோற்றம், ஒட்டுவதற்குத் தடையில்லை.

எண்ணூரிலிருந்து, வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியில் பணிபுரியும் வாசகர்: காலையில் ஒட்ட முடிகிறது, மதியத்துக்கு மேல் வீட்டுக் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்கு எதையும் ஒட்ட முடிவதில்லை.

நகலெடுத்த செல்களைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு அணைந்துவிட்டால் எக்செல் அந்த நகலை மறந்துவிட்டது என்று பொருள். எஸ்கேப் அழுத்தினாலும் வேறு செல்லில் தட்டச்சு செய்தாலும் அது அணையும். உங்கள் சிக்கல் அதுவன்று. ரிமோட் டெஸ்க்டாப்பில் இரு கணினிகளுக்கும் இடையே நகலைக் கொண்டுசெல்லும் ‘ஆர்டிபி கிளிப்’ என்ற சிறு நிரல் நின்றுபோயிருக்கலாம். அலுவலகக் கணினியின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் பெயரில் ஓடும் நிரலை நிறுத்துங்கள். பிறகு அங்கேயே விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, அதே நிரலின் பெயரை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் (rdpclip) எழுதி மறுபடி இயக்குங்கள். அதன் பின்னும் ஒட்டவில்லை என்றால், அலுவலகத்தின் கணினிப் பிரிவு பாதுகாப்புக் கருதி இந்த வசதியை மூடியிருக்கக்கூடும்; அவர்களிடம் கேட்டுவிட்டு, கோப்பாகவே அனுப்பும் வழியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.